அப்போலோ பதின்மூன்று இருக்கும் ஊர்

மாமல்லபுரத்தில் வழிகாட்டி வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது, வெள்ளைக்காரர்களிடம் ஊர் கேட்பது. ஊரைச் சொன்னதும் ‘ஆகா, அருமையான ஊர்’ என்று தலையாட்டிவிட்டுக் கல்லைக் காட்டப் போய்விட வேண்டும். நான் அப்படிப் போகவில்லை. லண்டன் என்று சொன்னால், “அப்போலோ பத்து விண்கலம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது?” என்பேன். சிகாகோ என்றால் அப்போலோ எட்டு. டிரெஸ்டன் என்றால், ஜெர்மானியர் ஒருவர் விண்வெளியிலிருந்து இறங்கி வந்த ரஷ்யக் கலம். பாரீஸ் என்றால் அப்போலோ பதின்மூன்று. நிலவுக்குப் போகிற வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தும் மூன்று பேரையும் உயிரோடு கொண்டுவந்து கடலில் இறக்கிய கலம்.

இதெல்லாம் செங்கல்பட்டு நூலகத்தில் இருந்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் படித்தது. கடைசிப் பக்கங்களில் எந்தக் கலம் எந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று போட்டிருந்தது. அப்போது நான் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். கல்லூரி விட்டதும் திருக்கழுக்குன்றம் வழியாக வீடு வருகிற பேருந்தில், அந்த ஊர்ப் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பட்டம் வாங்கிய பிறகு, கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை வாசலில் ஆள் தேவை என்று எழுதியிருந்த கம்பெனிகளுக்கெல்லாம் ஏறி இறங்கினேன். முன் அனுபவம் கேட்டார்கள். அனுபவம் கிடைப்பதற்கு வேலை வேண்டுமே என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். அப்பா ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த வழிகாட்டி ஒருவரிடம், உரிம அட்டை வைத்திருந்தவரிடம், என்னைச் சேர்த்துவிட்டார். இங்கிலீஷ் பேசுவான் என்று சொல்லித்தான்.

அந்த அண்ணாத்த எனக்கு வைத்த பெயர் ராக்கெட்டு.

“டேய் ராக்கெட்டு, அந்த லண்டன் பார்ட்டிகிட்ட உன் டப்பா மேட்டர சொல்லி நிறுத்தி வை. நான் டீ குடிச்சிட்டு வந்துர்றேன்.”

நானும் நிறுத்தி வைப்பேன். பெரும்பாலும் அவர்கள் தங்கள் ஊரில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பார்கள். இந்தியாவில் ஒரு பையன் சொல்லித் தெரிந்துகொண்டோமே என்று வியப்பார்கள். அதோடு சரி.

“நான் சொல்ற கல்லுன்னா எதுக்க கீது. தொட்டுப் பாத்துக்கலாம்” என்பார் அண்ணாத்த. “நீ சொல்றது எங்க கீது? நீ பாத்தியா?”

“புக்ல போட்டிருக்கு அண்ணாத்த.”

“புக்லயா! அப்ப செரி, நாஸ்தாவுக்கு அதையே துண்ணு.”

அவர் கேலி எனக்கு உறைக்கவில்லை. அப்பா கேட்டதுதான் உறைத்தது. அவர் கேலியாகக் கேட்கவில்லை. “மெய்யாலுமே அங்க போய்ப் பாத்தவங்க யார்னா கீறாங்களா நைனா?” என்றார். படிக்கப் போட்டுவிட்டார், படித்தது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் சொல்கிறதில் ஒன்றாவது நிஜம் என்று, நேரில் பார்த்த யாராவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எனக்கும் அதே வேண்டியிருந்தது.

அதனால் நான் வழிகாட்டிய எல்லோரிடமும் என் முகவரியை எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். ஊருக்குப் போனதும் அந்தக் கலத்தைப் போய்ப் பாருங்கள், ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள் என்பேன். நிச்சயமாக என்பார்கள். சிலர் அனுப்பவும் செய்தார்கள். வந்த படங்களிலெல்லாம் நான்தான் இருந்தேன். ரதத்துக்கு முன்னால், வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கு அடியில், வாயைத் திறந்துகொண்டு. அம்மா அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்தாள். பார்த்துவிட்டு வந்து படம் போட்டு அனுப்ப அவர்களுக்குக் கிடைத்த விநோதப் பொருள் நான்தான் என்று அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் பாரீஸிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான தாடிக்காரர், பக்கத்துத் தெரு லாட்ஜில் ஒரு மாதம் தங்குவார். அவரிடமும் சொல்லியிருந்தேன். அடுத்த ஆண்டு வந்தவர் நேராக அப்பாவின் கடைக்கே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பார்த்தேன்! உன் கலத்தைப் போய்ப் பார்த்தேன்!”

எவ்வளவு பெரியது என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அடிப்பக்கமெல்லாம் தீயில் கருகிக் கிடக்கிறது, நெடுநேரம் முன்னால் நின்றேன், உன்னை நினைத்துக்கொண்டேன் என்றார். இங்கிலீஷில் சொன்னதை நான் ஒவ்வொரு வார்த்தையாக அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலைத் துண்டால் துடைத்து அவரை உட்காரவைத்தார். அண்ணாத்தகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா மச்சான், அப்ப டப்பா நெஜந்தானா!” என்றார். அன்றைக்கு என் வயிறு நிறைந்திருந்தது, சாப்பிடாமலே.

அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைச் சொன்னார். மகன் புத்தகத்தில் படித்தானாம், பாரீஸ்காரர் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாராம்.

பிறகு எங்கள் ஊருக்கு இன்டர்நெட் வந்தது. ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுக்காரர்களுக்காகத் திறந்த கடை. உள்ளே போய் உட்கார்ந்து, அப்போலோ பதின்மூன்று என்று தட்டினேன். எல்லா ஊர்க்காரர்களிடமும் கெஞ்சிக் கேட்டும் வராத படம் ஒரு நொடியில் வந்து நின்றது. கீழே ஊர் பெயர் இருந்தது. பாரீஸ் இல்லை. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஏதோ ஒரு சிற்றூர். பாரீஸிலிருந்து அதை எப்போதோ எடுத்துப்போய்விட்டார்கள். நான் கல்லூரியில் சேர்வதற்கும் முன்பே. நூலகத்துப் புத்தகத்துக்கு அது தெரியாது. அந்த மனிதர் நெடுநேரம் நின்று பார்த்ததாகச் சொன்ன இடத்தில் அது இருக்கவே இல்லை.

“முடிஞ்சுதா தலைவா? வெயிட்டிங்ல ஆள் கீது” என்றான் கடைக்காரன்.

அந்தப் பொங்கலுக்கும் பாரீஸ்காரர் வந்தார். கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்ததும் சிரித்தார். “நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டாய். உன் அப்பாவும் எவ்வளவு மகிழ்ந்துபோனார்! அதில் என்ன கெட்டுப்போயிற்று?” என்றார்.

“நான் பார்க்கத்தான் சொன்னேன். எங்களை மகிழ்விக்கச் சொல்லவில்லை.”

அவர் என் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தன் ஊரில் அந்த வயதுக்காரன் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தால், போகவில்லை, நேரமில்லை என்று நேராகச் சொல்லியிருப்பார். பொய் சொல்லும் இந்தப் பிரியத்தை எங்களுக்கென்று வைத்திருந்தார்.

அன்று மாலையே, இன்டர்நெட் கடையில் அச்செடுத்து வந்த தாளை அப்பாவிடம் நீட்டினேன். கலத்தின் படத்தைக் காட்டி, இதுதான், இது அமெரிக்காவில் இருக்கிறது, அந்த ஆள் பார்க்கவில்லை என்றேன்.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தாளு எதுக்கு நம்மகிட்ட பொய் சொல்லப்போறாரு?”

“சொல்லிட்டாருப்பா. அவரே ஒத்துக்கினாரு.”

“அவரு பாத்துட்டு வந்து சொல்றாரு. நீ பாக்காத சொல்ற. கம்பூட்டர்ல எவன் வேணா எத வேணா போடுவான்.”

“முன்னாடி புக்குன்னு நான் சொன்னப்போ நம்பல. இப்பவும்...”

“அப்ப நீ சொன்னதுதான் தப்பாப் போச்சுன்றியே இப்போ!” என்றார்.

சில நாட்கள் கழித்து, பேருந்திலிருந்து ஒரு பிரெஞ்சுக் கூட்டம் இறங்கி இளநீருக்கு வந்தது. அப்பா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். “அந்தம்மா பாரீஸாம். கேளு, அது அங்க கீதா இல்லியான்னு. என் எதுக்கயே கேளு.”

வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. கேட்டேன். தலையில் தொப்பி வைத்திருந்த அந்த வயதான அம்மாள் வாயிலிருந்து உறிஞ்சுகுழலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கேள்வியே சரியாக விளங்கியிருக்காது.

“ஓ, நிச்சயமாக” என்றாள். “பாரீஸில் எல்லாமே இருக்கிறது.” நன்றாகத் தலையையும் ஆட்டினாள்.

அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“பாத்தியா?” என்றார் என்னிடம். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். பிறகு அவளுக்குக் காசு வாங்காமல் இன்னொன்று சீவத் தொடங்கினார்.