டர்ன்கோட்டுக்கு மாலை

திருவையாற்றுக்கு ஐயாரப்பரைத் தரிசிக்கப் போகிறேன். திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நேற்றுக் கட்சி மாறிய தலைவருக்கு வரவேற்பாம். ஜன்னலோரம் ஒரு தொண்டர் மாலையோடு நிற்கிறார். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

“உங்க தலைவர் மாதிரி ஆளுக்கு இங்கிலீஷ்ல டர்ன்கோட்னு பேருங்க. அந்தக் காலத்துச் சிப்பாய் கோட்டுல எஜமானோட நிறம் இருக்குமாம். தோத்துடுவோம்னு தெரிஞ்சா அதை உள்புறமாத் திருப்பிப் போட்டுக்குவானாம். எம் பொண்ணு சொன்னா” என்கிறேன்.

“கோட்டுக்காரன் குடுத்துவச்சவன்.” சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டுகிறார். பழைய கட்சிச் சின்னம், பச்சை குத்தியது. “அண்ணன் சொல்லித்தானுங்க குத்துனேன். இப்ப அவர் கண்ணுல பட்டா என்னைக் கிட்டயே சேக்க மாட்டாரு.”

கார் வருகிறது. அவசரமாகச் சட்டைக்கையை இறக்கிப் பட்டன் போடுகிறார்.

ஐயாரப்பா, அது அறுந்துவிடக் கூடாது. இன்றைக்கு அர்ச்சனை அந்தப் பட்டன் பேருக்குத்தான், நட்சத்திரம்தான் தெரியவில்லை.