புதன்கிழமை வந்த ஆவேசம்

இட ஒதுக்கீட்டுப் போராட்ட நாட்களில் ஒரு மதியம், உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம், சாலையில் வெட்டிப்போட்டிருந்த புளியமரத்தின் முன் எங்கள் பஸ் நின்றது. நான் டைரியை எடுத்துக் கிழமையைக் குறித்தேன். புதன்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். திருக்கோவிலூரில் ஆங்கில வாத்தியார். ஒல்லியான உடம்பு, விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடி. வழியெல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் வேர் சொல்லிக்கொண்டே வந்தவர்.

"இங்கிலீஷ்ல புதனுக்கு வோடன்ங்கிற சாமி பேரு சார். அந்தக் காலத்துல அவங்களுக்குப் பெரிய சாமி. அந்தப் பேரோட வேருக்கு ஆவேசம்னு அர்த்தம்."

அப்போது அரிவாளோடு ஒருவன் ஏறினான்.

"எல்லாம் எறங்குங்க! வண்டிய கொளுத்தப் போறோம்!"

பின்சீட்டில் நடக்க முடியாத பெரியவர் ஒருவர் இருந்தார். முண்டியடித்து இறங்கியவர்களில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

வாத்தியார் மட்டும், சாமி வந்தவர் முன் நிற்பதுபோலக் கும்பிட்டு, கூஜாவை நீட்டினார். "தண்ணி குடிச்சிட்டு மலையேறுங்க சாமி."

அவனை அறியாமலே கை வாங்கியது. குடித்து முடித்தபின் முறைத்தான். "இன்னா வாத்தியாரே, கிண்டலா?" ஆனால் குரல் இறங்கியிருந்தது. பெரியவரை அவனே தூக்கி இறக்கினான்.

பஸ் எரிந்தது. அப்போதுதான் வாத்தியாரின் வேட்டி நனைந்திருப்பதைக் கண்டேன். கூஜாத் தண்ணீரா, பயமா? டைரியில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.