கிளட்ச் இல்லாத கார்

எங்கள் வீட்டுக் காரில் கிளட்ச் கிடையாது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. கிளட்ச் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் அது இல்லாமல் ஒரு கார் இருக்கவே முடியாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. தூத்துக்குடியில் கார் வைத்திருந்த வீடுகளே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் எங்கள் கார் ஒரு மாதிரி என்று பேராகிவிட்டது.

அந்த அமெரிக்கக் கார் கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே கடை வைத்திருந்த பெரியப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த ஒரே பெரிய சாமான் அதுதான். வந்த வருஷமே அவர் காலமாகிவிட, கார் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா வேலை. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாது. ஆகவே அம்மாவின் தம்பியான மாமாதான் காரை ஓட்டினார். மாமாவிடம் உப்பு ஏற்றுகிற லாரி ஒன்று இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. லாரியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறான், அவனுக்கு வேறு பெண் எதற்கு என்பாள் அம்மா.

காலையில் மாமா வந்து அத்தையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவார். அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. பஸ் படியில் ஏற யாராவது கை கொடுக்க வேண்டும். கை கொடுப்பவர்களை அத்தைக்குப் பிடிக்காது. கொடுத்துவிட்டு அவர்கள் பார்க்கிற பார்வையைப் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் காரில் போகும்போது அத்தை, "உங்க இடது காலு சும்மாதான இருக்கு?" என்று கேட்டாள். பின்சீட்டில் நான் இருந்தேன்.

"ஆமா டீச்சர். கிளட்ச் இருந்தாத்தான அது மிதிக்கணும். இந்த வண்டில அதுக்கு வேலையே இல்ல" என்றார் மாமா.

அடுத்த சனிக்கிழமையே உப்பளத்து ரோட்டில் அத்தை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். லாரி கிளீனர்களைக் காது கூசத் திட்டுகிற மனுஷர்தானா இவர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நாளில் அத்தை தனியாகவே பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கினாள். காலையில் மாமா வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் வந்தார். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், அம்மா தருகிற காப்பியைக் குடிப்பார், போய்விடுவார்.

அப்படி இருக்கையில்தான் கார் படுத்தத் தொடங்கியது. இன்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி சத்தம் போடும், வண்டி நகராது. பிறகு நினைத்துக்கொண்டாற்போல் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்படும். மாமா ஓட்டிப்பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அத்தான், இதுக்கு நம்மூர்ல வைத்தியம் கிடையாது. இந்த கியர்பாக்ஸக் கழத்திட்டு லாரிக்கு உள்ளது மாதிரி ஒண்ண மாட்டிருவோம். திங்கக்கிழமை எம் மெக்கானிக் வாரான்."

"அப்ப கிளட்ச் வந்துருமே" என்றாள் அத்தை.

"வரும்."

"அத யாரு மிதிக்க?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இருக்கேம்லா டீச்சர்" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கிளட்ச் வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் என் மானம் தப்பிக்கும். மாமாவும் பழையபடி தினமும் ஓட்ட வருவார். இதில் அத்தையின் முகம் ஏன் அப்படிச் சுண்டிப்போயிற்று என்று புரியவில்லை. பெரியப்பா கொழும்பில் ஒருமுறை கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றியதும் வண்டி சரியானதாகச் சொல்லியிருக்கிறார், அதையும் செய்து பார்த்துவிடுவோம் என்றாள் அத்தை. அப்பா தலையாட்டினார். திங்கட்கிழமை வரைக்கும் தவணை.

அந்த எண்ணெய் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் இன்ஜினியர் அப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் இருந்தது. அப்பா சொல்லிவைக்க, மாமா கப்பலுக்கே போய் டின்களை வாங்கிவந்தார்.

சனிக்கிழமை காலை, தோணி கட்டுகிற இடத்திலிருந்து கொண்டுவந்த பெரிய கட்டைகளின்மேல் காரின் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தினார்கள். மாமா அடியில் நுழைந்து போல்ட்டுகளைக் கழற்ற, அம்மாவின் பழைய அலுமினியச் சட்டிக்குள் கறுப்பாக எண்ணெய் கொட்டியது. கருகின கடலையின் நாற்றம். கழற்றிய அடித்தட்டை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். தட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைக்கிற கார்க் வளையம் கிழிந்துபோயிருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து, தட்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதே அளவுக்குப் புதுக் கார்க்கை வெட்டினாள். ஒவ்வொரு ஓட்டையும் கச்சிதமாகப் பொருந்தியது. மாமா அதைக் கையில் வாங்கி, மாட்டாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டின்னைத் திறந்ததும் நான் பயந்துபோனேன். எண்ணெய் ரத்தச் சிவப்பாக இருந்தது. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்திருக்கிறேன். சிவப்பு எண்ணெயை யார் பார்த்தது? "காருக்கு ரத்தமா மாமா?" என்று கேட்டேன். மாமா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் எதற்குமே சிரிக்கவில்லை.

லாரி இன்ஜினில் எண்ணெயின் அளவை எப்படிப் பார்ப்பது என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, அளவுக்கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். மாமாவும் அப்படியே பார்த்துப் பார்த்து ஊற்றினார். கோடு வரைக்கும் வந்ததும் டின்னை மூடிவிட்டார். அத்தை ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்த கியர்க் கம்பியை இழுத்தாள். இன்ஜின் அலறியது. கார் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. முன்பாவது குலுக்கிக்கொண்டு போனது, இப்போது அதுவும் இல்லை. நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, மறுபடி கம்பியை உருவினார்கள். எண்ணெய் கோட்டில் நின்றது. டின்னிலும் மிச்சம் இருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எண்ணெய் சரியாத்தான் இருக்கு. வண்டிதான் போயிட்டு" என்றார் மாமா.

அத்தை இறங்கவில்லை. ஓடாத காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வந்து சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "கொஞ்சநேரம் இருக்கேன் மதினி" என்றாள். மாமா வாளித் தண்ணீரில் கை கழுவினார். கை சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். நானும் எதற்கென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டில் ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்தான். ஊசியில் நூல் கோக்கக்கூட அப்பா விடமாட்டார். சர்ச்சில் ஆராதனைக்குப் போக மாமா சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைக் கூட்டிவந்து நிறுத்தி, அத்தை ஏறுவதற்குக் கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "நான் நடந்தே வாரேன், நீங்க போங்க" என்று சொல்லி நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் நடக்கும்போது நாங்கள் எப்படி ரிக்‌ஷாவில் போவது? எல்லாரும் நடந்தோம். அத்தை ஒவ்வொரு எட்டுக்கும் இடது முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி வைத்தாள். மாமா கடைசியில், காலி ரிக்‌ஷாவுக்கும் பின்னால் வந்தார். எனக்கு எல்லார்மீதும் கோபமாக வந்தது. ஏனென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமா உள்ளே வரவில்லை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நேரே வேப்பமரத்தடிக்குப் போய் காரின் பானெட்டைத் திறந்தார். அப்பா, "ஏ மாப்ள, இன்னைக்கு என்ன கிழமை?" என்றார். மாமா காதில் வாங்கவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்."

அத்தை ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமா அளவுக்கம்பியை உருவினார். நேற்று கோடு வரைக்கும் நனைந்திருந்த அதே கம்பி காய்ந்துபோயிருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சும்மா இருக்கும்போது நிறைந்திருக்கிற எண்ணெய், ஓடும்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

"ஏளா, அந்தப் புனல எடு" என்றார் மாமா என்னிடம். மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றினார். கியர்க் கம்பியை ஒவ்வொரு இடமாக மாற்றி நிறுத்தும்படி அத்தையிடம் சொன்னார். மறுபடி அளவுக்கம்பியை உருவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சட்டையில் சிவப்பாகத் தெறித்தது. "ஓடுதப்பதான் பாக்கணும். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

அத்தை கியர்க் கம்பியைப் பின்பக்கம் போகிற இடத்துக்கு இழுத்தாள். கார் ஒரு முனகலும் இல்லாமல் கட்டையிலிருந்து இறங்கியது. நான் ஓடிப்போய் கேட்டைத் திறந்தேன். தெருவுக்குப் போகுமுன் அத்தை காரை நிறுத்தி, மாமாவிடம், "ஏறுங்க" என்றாள்.

"வேண்டாம் டீச்சர். கையெல்லாம் எண்ணெய்."

அத்தை கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு தனியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசலில் மணக்க, சாப்பிடாமலே மாமா போய்விட்டார். மறுநாள் மெக்கானிக்கும் வரவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா சிரித்துக்கொண்டே, அன்றைக்கு அந்தக் கப்பல் இன்ஜினியரைப் பார்த்ததாகச் சொன்னார். "இன்ஜின் ஓடுதப்பதான் அளவு பாக்கணும்னு மாப்ளகிட்ட ரெண்டு தடவ சொன்னாராம். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாராம். மாப்ளயும் சரியாச் சொல்லியிருக்கான்."

"மறந்திருப்பான்" என்றாள் அம்மா, அவசரமாக.

"அவங்க எதையும் மறக்க மாட்டாங்க மதினி" என்றாள் அத்தை. தட்டில் சோறு பாதி இருந்தது. அதில் கையை வைத்தபடியே இருந்தாள். அப்பாவின் சிரிப்பு நின்றது. அம்மா எழுந்து தேவையில்லாமல் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு காலையில் மாமா வரவில்லை. டயருக்குக் காற்றை அத்தையே பார்த்துக்கொண்டாள். வெளியே புறப்படுமுன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தெருமுனையை ஒருமுறை பார்ப்பாள், அவ்வளவுதான். மாமாவுக்குத் தெரியும் என்றால் ஏன் சனிக்கிழமையே சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கேள்வி" என்று அதட்டினாள். நான் விடவில்லை. அது என்னைப் பல நாள் குடைந்தது. தெரிந்தும் அவர் சொல்லாமல் இருந்தது ஏன் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லாமல் இருந்தவர் பிறகு ஏன் சொன்னார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.