அவள் நிற்கும் இடம்

ஒரு தலையை முடித்து, கைக்கண்ணாடியைப் பிடித்துப் பின்பக்கம் காட்டிய பிறகும் அவர் கை ஓய்வதில்லை. கத்தரிக்கோல் வெறும் காற்றைக் கிச்சுக் கிச்சென்று நாலைந்து முறை வெட்டிவிட்டுத்தான் நிற்கும். வெட்டத் தொடங்கும்போதும் அப்படித்தான். காதோரம் அந்தச் சத்தம் கேட்டால்தான் தலை ஆடாமல் இருக்கும் என்பது அவர் கட்சி. "கொழந்தையோ கெழவரோ, தலை சத்தத்துக்குத்தான் கட்டுப்படும்" என்பார்.

சலூனில் ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. காத்திருப்பவர்களுக்கு வாசலில் ஒரு பெஞ்சு. முகங்களை அவர் மறந்துவிடுவார். உச்சிச் சுழிகளை மறப்பதில்லை. தெருவில் எதிரே வந்து வணக்கம் சொல்பவரை யாரோ என்று பார்ப்பார். வந்தவர் கடந்து போனதும் திரும்பிப் பின்னந்தலையைப் பார்த்து, "அட, ரெட்டைச் சுழிக்காரரு" என்று பின்னாலேயே ஓடுவார்.

பிசிறு என்றால் அவருக்கு ஆகாது. கதவுத் திரையின் ஓரம், கால்மிதியின் விளிம்பு, துண்டின் குஞ்சம் எல்லாம் அவர் கத்தரிக்குத் தப்பாதவை. துடைப்பத்தைக்கூட நுனி சமமாக வெட்டி வைத்திருக்கிறார்.

அவர் கை படாத தலை ஒன்று உண்டென்றால் அது மனைவியுடையது. இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். "ஊரார் தலையோட நிறுத்திக்குங்க" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். வீட்டில் அவள் சீவிக்கொண்டிருக்கும்போது இவர் பூனை மாதிரி பின்னால் போய் நின்று கத்தரியைக் காற்றில் கிச்சுக் கிச்சென்று ஆட்டுவார். அவள் திரும்பமாட்டாள். "கை சும்மா இருக்கட்டும்" என்பாள், சீப்பை நிறுத்தாமல். அந்த விளையாட்டு கடைசிவரை இருவருக்கும் சலிக்கவில்லை.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வருவாள். தரையில் கிடக்கும் முடியை மிதிக்கப் பிடிக்காது, உள்ளே வரமாட்டாள். கையில் இருக்கும் தலை முடியும்வரை வாசற்படிக்கு இடதுபுறம் வெயிலில் நிற்பாள். "நிக்க ஒரு நெழல் உண்டா? கடையாம் கடை" என்பாள். "நாளைக்கே கூரை எறக்கிடறேன்" என்பார் இவர். எத்தனையோ நாளைகள் போயின. கூரை இறங்கவில்லை. ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

அதன்பின் அந்த இடத்தில் சிமெண்டை உடைத்து ஒரு புங்கங்கன்றை நட்டார். பலகை வைக்கவில்லை, பெயர் எழுதவில்லை. யாராவது கேட்டால், "அவ நிக்கிற எடம்" என்பார்.

அன்று வாங்கிய இன்னொரு கன்றைப் பக்கத்து டயர்க்காரருக்குச் சும்மா கொடுத்திருந்தார். டயர்க்காரர் அதைப் பழைய டயர்களுக்கு நடுவே செருகிவிட்டு மறந்துபோனார். இரண்டு மழைக்காலத்தில் அது அவர் கூரைக்கு மேலே போய்விட்டது. "தண்ணிகூட ஊத்தல அண்ணே. டயர் நாத்தம் தாங்காம மேல ஓடுது" என்றார் டயர்க்காரர்.

சலூன் வாசல் கன்று இடுப்புயரத்திலேயே நின்றது. பார்க்க அழகுதான். கவிழ்த்த கிண்ணம் மாதிரி உருண்டையாக இருக்கும். போகிறவர்கள் நின்று பாராட்டுவார்கள். ஆனால் ஒரு பூனைக்குக்கூட அதில் நிழல் கிடையாது. அவர் மண்ணை மாற்றினார். எரு போட்டார். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி, வாடிக்கையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரும்படி செய்தார். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் வெளியே வந்து அதன் முன்னால் நிற்பார். "என்ன கொறை உனக்கு? சொன்னாத்தானே தெரியும்" என்று கேட்பார்.

கடைசியில் மகளிடம் சொன்னார். "அவளுக்குப் புடிக்கல போலிருக்கு. உயிரோட இருந்தப்ப வெயில்ல நிக்க வெச்சிட்டு, இப்ப என்ன மரம்னு நெனைக்கிறா. புடுங்கிட்டுத் தகரத்தையே போட்டுடறேன்."

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் வந்து கடையின் துண்டுகளையும் அவருடைய நீலக் கோட்டையும் துவைக்க எடுத்துப் போவாள். அன்று அவர் டயர்க்காரரிடம் கடப்பாரை வாங்கப் போயிருந்தார். அவள் கோட்டின் பையை வெளியே இழுத்து உதறினாள். கறுப்பு முடி, வெள்ளை முடி, சாயம் போட்ட முடி. அவற்றோடு பச்சையாகவும் ஏதோ விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாள்.

கடப்பாரையோடு அவரும் கூடவே டயர்க்காரரும் வந்தார்கள்.

"அப்பா, நேத்து யாரு தலையில எலை மொளைச்சிருந்துச்சு?"

"என்னது?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அத்தனையும் கொழுந்து நுனிகள். ஒரே சீராக வெட்டுப்பட்டவை.

"நான் எங்க வெட்டினேன்?" என்றார் அவர்.

"நீங்கதான் அண்ணே" என்றார் டயர்க்காரர். "ஒவ்வொரு தலை முடிஞ்சதும் வந்து நின்னு, அதுகிட்டப் பேசிக்கிட்டே சுத்தி வெட்டுவீங்களே. அழகுக்குப் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க தொழில் விஷயம். நான் எப்படிச் சொல்றது?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா தலை கடைசிவரைக்கும் தப்பிச்சுது. இப்ப இந்த மரம் உன் கையில மாட்டிக்கிச்சு."

அவர் சிரிக்கவில்லை. கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வெளியே வரும்போதெல்லாம் கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு வரத் தொடங்கினார். வந்து நின்றால் விரல்கள் மட்டும் சும்மா திறந்து மூடும். கன்று இடதுபக்கம் ஒரு கிளையை விட்டது, தூங்கி எழுந்தவன் தலை மாதிரி. வலதுபக்கம் வெகுநாள் ஒன்றும் வரவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து பழகினார்.

"வாசல்லயே இப்படி ஒரு தலை நின்னா எவன் நம்பி உள்ள வருவான்?" என்று வாடிக்கையாளர்கள் சீண்டினார்கள்.

"அது நம்ம கஸ்டமர் இல்ல" என்பார்.

இப்போது அது வாசல் நிலையின் உயரத்தைத் தாண்டிவிட்டது. மதிய வெயிலில் படிக்கு இடதுபுறம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு நிழல் விழுகிறது. பெஞ்சில் இருப்பவர்கள் அங்கே நகர்ந்து உட்காரப் பார்த்தால், "இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டுக்கொள்கிறார். ஒரு கிளை வாசலுக்குக் குறுக்கே தொங்குகிறது. உயரமானவர்கள் குனிந்து வருகிறார்கள்.

ஒரு மதியம் காற்றடித்து அந்தக் கிளை உள்ளே நீண்டு அவர் பிடரியைத் தொட்டது. நாற்காலியில் பாதி வெட்டிய தலை இருந்தது. கையில் கத்தரி இருந்தது. அவர் திரும்பி வாசலுக்குப் போனார். பாதித்தலைக்காரர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரி உயர்ந்து இலைகளுக்கு அருகே போயிற்று. எந்த இலையிலும் படாமல், காற்றில், கிச்சுக் கிச்சென்றது. பிறகு கையைத் தாழ்த்திவிட்டு, காதைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.