திடலுக்கு அடியில்

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலையில் நர்ஸாக இருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். வாசலைத் தாண்டினால் சரிவுதான். பந்து உருண்டால் சாமைக் கொல்லையில் போய்த்தான் நிற்கும். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும் என்ற பேச்சை எடுத்தவர் என் கணவர். அவர் அங்கே பள்ளி ஆசிரியர். வீடுகளுக்கு மேலே சமதளமாக ஒரு புறம்போக்கு கிடந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வரட்டும், எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மேலே போனோம். என் கணவரும் பக்கத்து வீட்டு வனக்காவலரும் கயிறு பிடித்து அளந்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார்கள்.

“ஊஞ்சல நெழல் பக்கமா போடுங்க. வெயில்ல கம்பி சுடும்,” என்றாள் வனக்காவலரின் மனைவி.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்பமாட்டாள். திடலின் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குப்புறப் படுத்துக் கன்னத்தை மண்ணில் வைத்தாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். காத்திருந்தாள். சிரித்தாள்.

தூக்கப் போன என் கையைப் பிடித்திழுத்து மண்ணில் அழுத்தினாள். தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கனத்த கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுவதுபோல, கீழேயிருந்து இரண்டு தட்டு. காதில் எதுவும் விழவில்லை. கையில் மட்டும் தெரிந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். சிரித்தபடி வந்து கையை வைத்தவரின் முகம் மாறியது. “யாரும் நடக்காதீங்க,” என்றார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். மறுபடியும் இரண்டு தட்டு.

“அடியில பாறை பொந்தா இருக்கும் சார். தண்ணி ஓடும்,” என்று வனக்காவலர் கடப்பாரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பாதி இறங்கியது. அடுத்த குத்தில் அவர் பிடியிலிருந்து நழுவி முழுதாக உள்ளே போய்விட்டது. காது கொடுத்துக் கேட்டோம். அது எதிலும் மோதிய சத்தம் வரவில்லை.

பக்கத்து ஊர் சார்பில் பேச ஒரு பெண் அப்போதுதான் மேலே ஏறி வந்தாள். கோடுகளைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

“இன்னா சார், இங்கியா? எங்க மாடு கூட இங்க படுக்காதுங்க.”

“ஏம்மா, இங்க என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“தெரியலிங்கம்மா. வேற எடம் பாருங்க. இங்கன்னா எங்க புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்.”

அந்த இடத்தை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமன் செய்தோம். அவர்கள் ஊர் ஆண்களும் கல் சுமந்தார்கள். ஊஞ்சல் வந்தது, ஏற்ற இறக்கப் பலகை வந்தது, பிள்ளைகள் கூட்டம் தாங்கவில்லை. என் மகள் மட்டும் ஊஞ்சலில் ஏறவில்லை. கண் அசந்தால் மேலே அந்தப் புறம்போக்கில் போய்ப் படுத்திருப்பாள். கூப்பிட்டால் திரும்பாத என் பிள்ளையை யாரோ கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் இழுத்துக்கொண்டுதான் வருவேன்.

ஒரு மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களையில் சிமெண்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. என் வெறுங்காலில் தெரிந்தது. இரண்டு தட்டு, எங்கள் வீட்டுக்கு அடியில். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு கலசப்பாக்கத்தில் என் அக்கா வீட்டுக்கு இறங்கிவிட்டேன். மாற்றல் உத்தரவு பிறகுதான் வந்தது. அங்கேயும் பல நாள் தரையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். பதில் வராதபோது அழுதாள். மெல்ல விட்டுவிட்டாள். காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்து சைகை மொழி கற்றாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள் கேட்டேன், மலையில் தட்டியது யார் என்று. யோசிக்கவே இல்லை. உயரம் காட்டுவதுபோல் முழங்கால் மட்டத்தில் கையை விரித்துக் காட்டினாள். கொஞ்சம் தள்ளி, அதே உயரத்தில் இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை. அறையின் அந்தச் சுவர் வரைக்கும் அப்படிக் காட்டிக்கொண்டே போனாள். பிறகு பசிக்கிறது என்று சைகை செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.