படகுக்கு நல்ல வார்த்தை, விமானத்துக்கு இல்லை

சென்ற வியாழக்கிழமை காலை கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் தங்கராசு மழையில் வந்து எதிரே நின்றார். குடையை மடக்கவில்லை.

"நானா, பலகைய திரும்ப மாட்டுங்க. பிலோமினா அக்கா போயிட்டாங்க. விடியக்காலையில, ஆஸ்பத்திரியிலயே."

கையிலிருந்த பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

பதுளையில் அவரை அறியாதவர் குறைவு. இருந்தாலும் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வி பிலோமினா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தட்டெழுத்துப் படித்து, எங்கள் ஊர்ச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர் மாத இதழில் நாடகம், சினிமா, கானிவல் என்று எது வந்தாலும் போய்ப் பார்த்து, நல்லதை நல்லது என்றும் மோசத்தை மோசம் என்றும் ஒரே கட்டுரையில் எழுதியவர். அவருடைய பேனாவில் நான் இரண்டு தடவை அகப்பட்டேன்.

முதல் தடவை அறுபதுகளின் நடுவில். அப்போது நான் வாப்பாவின் புடவைக்கடையில் நின்றுகொண்டு, மாலையில் நாடகம் போட்டுத் திரிந்தேன். ஒரு நாடகத்தில் எனக்கு வில்லன் வேஷம். அடுத்த மாத இதழில் இப்படி வந்தது: "வில்லனாக வந்தவரின் குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. நடையும் நன்று. ஆனால் மூன்றாம் காட்சியில் இறந்த பிறகு ஒருமுறை இருமினார்."

ஊரே என்னைப் பார்த்து இருமியது. கோபத்தோடு அவரைத் தேடிப் போனேன். வயதில் என்னைவிட மூத்தவர். ஆனாலும் முஸ்லிம் வியாபாரிகளை எல்லாரும் அழைப்பதுபோல் என்னையும் நானா என்றே அழைப்பார்.

"செத்த பொறகு இருமலாமா நானா?" என்று கேட்டார். "ஆனா சாகுற வரைக்கும் நல்லா செஞ்சீங்க. அதையும்தானே எழுதியிருக்கேன்? அத ஏன் யாரும் படிக்க மாட்டேங்குறீங்க?"

அங்கேயே இதழை வாங்கி மறுபடி படித்தேன். அன்றிலிருந்து நண்பர்களானோம்.

பல வருடங்கள் கழித்து, புடவை வியாபாரம் மந்தமாகப் போன நாட்களில், கடையின் பின்னறையைத் தனியாக்கி வீடியோ கேம் மெசின்கள் நான்கை இறக்கினேன். கொழும்பில் பாவித்துக் கழித்தவை. ஒன்று காட்டாற்றில் படகு ஓட்டுவது. ஒன்று கார். ஒன்று சுரங்கம் தோண்டுவது. மற்றது விமானம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து இளைஞர்கள் பஸ் ஏறி வந்தார்கள். அறை நிரம்பியது. ஊரில் முணுமுணுப்பும் கிளம்பியது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், கண் பழுதாகிறது, கடையைப் பூட்ட வேண்டும் என்று பெற்றோர் கூட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. அதற்குத் தலைவர், அக்கா வேலை பார்த்த அதே சட்டத்தரணி.

அவரும் அக்காவை எழுதச் சொன்னார். நானும் சொன்னேன். இருவரும் வெவ்வேறு கட்டுரையை எதிர்பார்த்தோம்.

அக்கா அலுவலகம் முடிந்து நாள்தோறும் கடைக்கு வரத் தொடங்கினார். கைப்பை முழங்கையில் தொங்க, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வரிசையில் தன் முறை வரும்வரை நின்றார். சேலை கட்டிய ஒரு பெண்மணி அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. இளைஞர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சுற்றி நின்று கத்தினார்கள்.

"இடது பக்கம்க்கா! பாறை வருது, இடது பக்கம்!"

"கத்தாதீங்க தம்பி. நானே மோதிப் பாத்துக்குறேன்."

படகில் தேறினார். சுரங்கம் பிடிபட்டது. விமானம் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. கடையிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். மேகக்கூட்டத்தைத் தாண்டியதும் யார் ஓட்டினாலும் விழுந்தது.

அச்சுக்குப் போகுமுன் கட்டுரையை எனக்குக் காட்டினார். படகு ஆட்டத்தை மனம் நிறையப் புகழ்ந்திருந்தார்: "இதில் தோற்றால் அது நம்முடைய பிழை. அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம்." காரில் பாதை அழகு, ஆனால் சக்கரம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. சுரங்கம் பொழுதுபோக்கு, அதற்கு மேல் இல்லை. விமானத்தைப் பற்றி, "இது ஆட்டமே அல்ல. ஆடுகிறவரின் திறமைக்கு இதில் இடம் வைக்கப்படவில்லை" என்று எழுதியிருந்தார். அதோடு விடவில்லை. அறைக்கு ஜன்னல் இல்லை, சிகரெட் புகையில் மூச்சு முட்டுகிறது என்று கடைக்கும் ஒரு பங்கு வைத்திருந்தார்.

"அக்கா, கூட்டம் வருது. அந்த விமானத்தையும் ஜன்னலையும் மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுத்தா, படக பத்தி எழுதினத எவன் நம்புவான் நானா?"

கட்டுரை அப்படியே வந்தது.

கூட்டத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. சட்டத்தரணி மேடையில் இதழை விரித்து, விமானம், புகை, ஜன்னல் ஆகிய பகுதிகளை மட்டும் வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. சபை கொதித்தது. என் கடை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். "ஐயா, மிச்சத்தையும் வாசிங்க."

"நீ உக்காரு பிலோமினா."

"அப்ப நான் வாசிக்கிறேங்க."

தன் பிரதியை எடுத்து நின்ற இடத்திலேயே வாசித்தார். படகைப் பற்றியதை வாசித்தார். பிறகு கடைசிப் பகுதி: "இந்த மெசின்களால் பிள்ளைகள் கெடுவதாக நான் எதையும் காணவில்லை. தோற்றவனுக்குப் பக்கத்தில் நின்றவன் வழி சொல்லிக்கொடுப்பதைத்தான் கண்டேன். தோட்டத்திலிருந்து வருகிற இளைஞர்களுக்கு இந்த ஊரில் உரிமையோடு போய் நிற்க வேறு இடம் ஏது? அறையைத் திருத்துங்கள். பூட்டாதீர்கள்."

சபையில் சத்தம் அடங்கியது. ஒரு தகப்பன் எழுந்து, ஜன்னல் வைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். இன்னொருவர், பள்ளி நேரத்தில் மாணவரை விடக்கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். கடை பிழைத்தது. ஜன்னல் வைத்தேன், சிகரெட்டை நிறுத்தினேன், விமானத்தைத் திருப்பி அனுப்பினேன்.

திங்கட்கிழமை அக்கா அலுவலகம் போனபோது அவருடைய தட்டெழுத்து மெசினுக்கு முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். யாரும் காரணம் சொல்லவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. என் கடையில் வேலைக்கு வரச்சொல்லிக் கெஞ்சினேன்.

"நல்ல மனசு நானா உங்களுக்கு," என்றார். "ஆனா உங்ககிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு உங்க மெசின நான் எப்புடி கொற சொல்றது?"

வெலிமடை மரக்கறிகளை மொத்தமாக வாங்கும் வியாபாரி ஒருவரின் பண்டாரவளை அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டார். காலையில் பஸ், மாலையில் பஸ். பொழுது சாயும் வேளையில் அவர் களைத்து இறங்குவதைக் கடையிலிருந்து பார்ப்பேன். அந்தக் களைப்பில் ஒருநாளும் அவர் என்மேல் பழி போட்டுப் பேசியதில்லை. புதிய மெசின் வந்திருந்தால் மட்டும் வீட்டுக்குப் போகாமல் நேரே உள்ளே வருவார். அவரைப் பார்த்துத்தான் தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் கூச்சம் விட்டு வரத் தொடங்கினார்கள்.

குறைகளும் இருந்தன. பேச ஆரம்பித்தால் மற்றவரைப் பேச விடமாட்டார். சினிமாவில் பாட்டு வந்தால் எழுந்து போய்க் கடலை வாங்குவார். ஆகவே பாட்டுகளைப் பற்றி அவர் எழுதியதை நம்ப வேண்டாம். கொழுந்து பறிக்கும் குடும்பத்தில் பிறந்தும் அவர் போடும் தேநீர் வாயில் வைக்க முடியாது. அதைச் சொன்னால் கோபிக்க மாட்டார். இன்னும் ஒரு கோப்பை ஊற்றுவார்.

இந்த வருடம் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய வீடியோ கேம் ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலையணையில் சாய்ந்து வெகுநேரம் ஆடினார். விரல்கள் மெலிந்திருந்தன, கவனம் குறையவில்லை.

"எப்படி அக்கா?"

"பொத்தான் நல்லா இருக்கு. படம் சுமார். இந்த சத்தத்த நிறுத்த வழி இருக்கா பாருங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இப்பதான் கண் அசந்தாங்க."

நான் அவரிடமிருந்து கடைசியாகக் கேட்ட பேச்சு அது.

பிறந்த தோட்டத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய தம்பி விரும்பினார். மடுல்சீமைப் பாதை எல்லாரும் அறிந்ததுதான், கார் ஏறாது. என் லொறியில் கொண்டுபோனோம். மலையில் மூடுபனி. மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுச் சனங்கள் பாதை ஓரத்தில் நின்றார்கள். பெட்டியை இறக்கியபோது ஆண்களோடு பெண்களும் கை கொடுத்தார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். நான் என் முறைப்படி அவருக்காக இறைவனிடம் கேட்டேன்.

திரும்பும்போது சாரதி முன்னால் இடம் வைத்திருந்தார். என்னால் ஏறி உட்கார முடியவில்லை. பின்னால், பெட்டி இருந்த இடத்தில், ஈரப் பலகையில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் லொறி தூக்கிப் போட்டது. சிந்திக் கிடந்த பூக்கள் என் காலடிக்கு வருவதும் போவதுமாக இருந்தன. தோட்டம் பனிக்குள் மறைந்தது. அமைதியாக இருங்கள் அக்கா. நாங்கள் ஊருக்கு இறங்குகிறோம்.