மலைப் பக்கத்து ஜன்னல்

என் மனைவி பிறந்து வளர்ந்த வீடு நீர்கொழும்புப் பக்கம், கடற்கரைக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. அவளுடைய அப்பா தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கிப்போய் அங்கே சின்னதாகக் கடை வைத்தவர். அந்த வீட்டில் எல்லா ஜன்னல்களும் எதிரெதிராக இருக்கும். முன்னால் நுழைகிற காற்று நாட்காட்டித் தாளைப் புரட்டிவிட்டுப் பின்னால் போய்விடும். கல்யாணமான புதிதில் அங்கே தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை முழுக்க ஜன்னல் கம்பிகளைக் கழுவினோம். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடுமாம். வாரம் தவறாமல் நல்ல தண்ணீரில் துடைத்து, வருடத்துக்கு ஒரு தடவை துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். அதைச் செய்யும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, இவள் எப்படி எங்கள் ஊரில் இருக்கப் போகிறாள் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் அக்கரப்பத்தனை. இரண்டு பேருமே அங்கே பாடசாலையில் படிப்பிக்கிறோம். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வெளியேறிய பிறகு அம்மாவின் பெயரில் கிடைத்த தனிவீட்டில் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, மேலே தகரம். அம்மாவும் எங்களோடுதான் இருந்தார். இடம் போதவில்லை. மேற்குப் பக்கம் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டலாம் என்று முடிவு செய்தோம்.

அவள்தான் படம் வரைந்தாள். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில், அடிமட்டம் வைத்து, மூன்று நாள் வரைந்தாள். மேற்குச் சுவரில் முக்கால்வாசி ஜன்னல். நான்கு கதவுகளும் வெளிப்பக்கம் திறக்கும். பக்கச் சுவரில் இன்னும் இரண்டு.

எங்கள் மேசன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அவர் கட்டியவை.

"டீச்சர், இங்க காத்து வேணும்னு யாரும் கேக்கிறதில்ல. அது வராம இருக்கத்தான் வழி பாப்பாங்க."

"இருட்டா இருந்தா எனக்கு மூச்சு முட்டுதுங்க," என்றாள் அவள்.

மேசன் என்னைப் பார்த்தார். நான் செங்கல் குவியலைப் பார்த்தேன். அம்மா, மருமகள் கேட்டதைக் கட்டிக் கொடுங்கள் என்பதுபோல மேசனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஏப்ரல் விடுமுறைக்குள் அறை முடிந்துவிட்டது. அந்த ஒரு மாதம் அறை அழகாகத்தான் இருந்தது. எதிரே மலை முழுதும் தேயிலை, அதன் நடுவே போகும் படிக்கட்டு, மாலையில் உள்ளே வந்து தரையில் விழும் வெயில். அவள் பாடக்குறிப்பு எழுத மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

மே முடிவில் மழை பிடித்தது. முதல் வாரமே பனிமூட்டம் கதவு தட்டாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. தீப்பெட்டி நமத்தது. வகுப்புப் பிள்ளைகளின் கொப்பித் தாள்கள் துணிபோலத் தொய்ந்தன. என் சப்பாத்துத் தோல் பச்சையாகப் பூத்தது. ஜன்னலை மூடினாலும் கதவுகளின் இடுக்கு வழியாகச் சாரல் பீய்ச்சியது. அவள் என் பழைய ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் துணியால் கண்ணாடியைத் துடைப்பாள். பத்து நிமிடத்தில் அது மறுபடி மங்கிவிடும். தப்பு செய்துவிட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. நான் அப்போது செங்கல்லைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பாடசாலை விட்டு வந்தபோது கூரைக்கு அடியில் அடித்திருந்த ஒட்டுப் பலகையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவள் பையைக்கூட இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேசன கூப்பிடுங்க. அடைச்சிடலாம்," என்றாள்.

"முழுசாவா?"

"முழுசா. ஒரு சின்ன ஜன்னல் விட்டா போதும்."

அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அடுத்த சனிக்கிழமை மேசன் வந்தார். செங்கல் முற்றத்தில் இறங்கியது. அவர் சுவரை அளக்க அறைக்குள் போனபோது, அம்மா ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தலையில் துவாலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, கொஞ்சம் எந்திரிங்க. அளக்கணும்," என்றார் மேசன்.

"எதுக்கு அளக்கிற?"

"அடைக்கச் சொல்லிட்டாங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. மனைவி குசினியிலிருந்து வந்து, "மாமி, குளிர் தாங்கலியே, நீங்களும் ராவெல்லாம் இருமுறீங்க," என்றாள்.

"இருமல் லயத்துலயும்தான் இருந்துச்சு," என்றார் அம்மா. பிறகு வெளியே கை காட்டினார். மூட்டம் சற்று விலகி, எதிர்மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுப்பது தெரிந்தது. "அந்த மலையில முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்திருக்கேன் புள்ள. ஒருநாளும் உக்காந்து பாத்ததில்ல. நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதும் நான் இங்கதான் இருப்பேன். இது இவ்வளவு அழகுன்னு எனக்குத் தெரியாது."

நான் அம்மாவோடு நாற்பது வருடம் இருந்திருக்கிறேன். அவருக்கு ஒன்று அழகாக இருக்கும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். அழுகிறாள் என்று தெரிந்ததும் மேசன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு முற்றத்தில் நின்று நானும் அவளும் மேசனுமாக மூன்று பேரும் யோசித்தோம். பார்ப்பதற்கு ஜன்னல் வேண்டும். திறப்பதற்கு வேண்டியதில்லை. அவ்வளவு எளிய விஷயம் அதுவரை எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேசன் கதவுகளைக் கழற்றி, அசையாத பெரிய கண்ணாடியாக மாற்றினார். காற்றுக்கு மேலே கையகலத்தில் திறப்பு ஒன்று. மழை வடிய ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரித்துவிட்டார். பக்கச் சுவர் ஜன்னல்களில் ஒன்றை அடைத்தோம். இன்னொன்றை மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. அடுப்பைக் குசினியின் மறுகோடியிலிருந்து இந்த அறையை ஒட்டிய சுவரோரம் மாற்றியது அவளுடைய யோசனை. சோறு வேகிறபோது சுவர் இளஞ்சூடாகிவிடும். அம்மா நாற்காலியை அந்தச் சுவரில் சாய்த்துக்கொள்வார்.

குளிர் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஜூலையில் கொப்பிகள் இன்னும் தொய்கின்றன. ஆனால் அவள் தொப்பி போடுவதில்லை. மேசனும் தன் வீட்டில் இதேபோல ஒரு கண்ணாடி வைத்துவிட்டார். கேட்டால், வீட்டுக்காரி தொல்லை தாங்கவில்லை என்கிறார்.

கண்ணாடியின் ஓரத்தில் பூசிய பசை ஒவ்வொரு மழைக்கும் வெடித்துவிடுகிறது. ஆகஸ்ட் விடுமுறையில் வெயில் வருகிற நாளாகப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் ஏணி வைத்து ஏறுவோம். நான் பழையதைச் சுரண்ட, அவள் புதிதாகப் பூசுவாள். அம்மா உள்ளே நாற்காலியில் இருந்தபடி, விட்டுப்போன இடங்களை விரலால் காட்டி ஏதோ சொல்வார். கண்ணாடி இருப்பதால் ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்காது. நாங்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் காட்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் பூசுவோம்.